மாலை 5.00: மங்கள இசை

மார்கழி பாதி தாண்டியதும் சபாவின் அழைப்பிதழ் வரும். சென்னையில் சீசன் உச்சத்தில் இருக்கும்போதே இங்கே தை மாத விழாவுக்கு அச்சடித்துவிடுவார்கள். வழவழப்பான தாள், நாலு மடிப்பு, முகப்பில் மலைக்கோட்டை, அதன் காலடியில் ஒரு வீணை. பின்பக்கம் முழுக்க நகைக்கடையும் ஜவுளிக்கடையும் பல் ஆஸ்பத்திரியும். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த காலத்திலிருந்து அந்தச் சபாவுக்குச் சந்தா கட்டுகிறவன் நான். ஓய்வு பெற்றும் விடவில்லை. எந்தச் சபா என்று சொல்லப்போவதில்லை. திருச்சிக்காரர்கள் ஊகித்துக்கொள்ளட்டும். யாரை ஊகித்தாலும் கதை பொருந்தும்.

அழைப்பிதழைப் பிரித்ததும் மற்றவர்கள் ஆறரை மணிக் கச்சேரி யார் யார் என்று பார்ப்பார்கள். நான் நாகஸ்வரம் எந்த நாள் என்று தேடுவேன். இந்தத் தடவை பத்து நாள் விழா. வாய்ப்பாட்டு ஏழு, வயலின் இரட்டையர் ஒன்று, புல்லாங்குழல் ஒன்று, ஹரிகதை ஒன்று. நாகஸ்வரம் முதல் நாள் கட்டத்துக்குள் மிகச் சின்ன எழுத்தில் இருந்தது. மாலை 5.00, மங்கள இசை. 5.30, குத்துவிளக்கு ஏற்றுதல். அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை. விளக்கேற்றப்போகிற மூன்று பேரின் பெயரும் பட்டங்களோடு இருந்தன. வாழ்த்தப்போகிறவரின் பெயர் இருந்தது. ஒலி ஒளி அமைப்பாளரின் பெயர்கூடக் கடைசி வரியில் இருந்தது. மங்கள இசைக்கு எதிரே வெள்ளைத் தாள்தான் இருந்தது.

"வாரத்துக்கு ஒரு கல்யாணம் போறீங்க. அங்க கேக்கறது போதாதா?" என்றாள் என் மனைவி, காபி டம்ளரை வைத்துக்கொண்டே.

போதாது. கல்யாணத்தில் வாசிக்கிறவரின் கண் புரோகிதரின் விரலில் இருக்கும். ஒரு ராகத்தை எடுத்து இரண்டு பிடி பிடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் உயர்ந்துவிடும், கெட்டிமேளம் கொட்டியாக வேண்டும். விட்ட இடத்துக்குத் திரும்பி வர யாருக்கும் பொறுமை கிடையாது. பந்தியில் ரசம் எப்போது வரும் என்ற கவலைதான் எல்லாருக்கும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கல்யாணம் என்றால் அப்படித்தான்.

பாடகர்கள் மேலும் எனக்குக் கோபமில்லை. அந்த ஏழு பேரில் இரண்டு பேரைக் கேட்கக் கொள்ளிடம் தாண்டி நடந்தே போகச் சொன்னாலும் போவேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீடு திருவானைக்காவலில். அப்பா திருச்சிப் பெரியகடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். கோயிலில் உற்சவம் நடக்கும் நாட்களில் கடை கட்டிவிட்டு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னையும் இழுத்துக்கொண்டு வீதிக்குக் கிளம்பிவிடுவார். சாமி பக்கம் போவதில்லை. மேளக்காரர்களுக்குப் பக்கவாட்டில் நடப்போம். மல்லாரி கோபுர வாசலிலேயே முடிந்திருக்கும். வீதிக்கு வந்ததும் ராகம். தெற்கு வீதியில் ஆரம்பித்த தோடி மேற்கு வீதி திரும்பும்போதும் தோடியாகவே இருக்கும், ஆனால் ஒரு தடவை வந்த பிடி மறுபடி வராது. தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்ள நிற்கும் இடத்தில் மேளமும் நிற்கும். நல்ல சங்கதிகள் எல்லாம் அங்கேதான் வரும் என்பது அப்பாவின் கணக்கு. அதனால் எந்தெந்த மூலையில் நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டு, ஐம்பது அடி முன்னாலேயே போய் இடம் பிடித்துவிடுவார்.

எனக்குச் சீவாளிதான் வேடிக்கை. கொறுக்கைத் தட்டையில் செய்த அந்தச் சின்னத் துண்டை வாயில் போட்டு ஊறவைத்து, எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, பிடிக்காமல் அடுத்ததை எடுப்பார் வித்வான். நாகஸ்வரத்தின் மேல்முனையில் நாலைந்து சீவாளிகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இத்தனை நீளமான ஆச்சா மரக் குழலும் அந்த விரல் நுனி அளவுத் தட்டையும் சேர்ந்துதான் நாலு வீதியையும் நிறைக்கின்றன என்று நம்பவே முடியாது. தவிலோ பலா மரம். ஒரு கையில் விரல் கூடு, மறு கையில் கம்பு. விரல் கூடுகள் வீட்டில் செய்கிற கட்டியான பசையில் காயவைத்தவை என்று அப்பா சொன்னதும், அதைச் செய்து பார்க்க அம்மாவின் அரிசிமாவைத் தீர்த்துவைத்தேன்.

காலையில் ரேடியோ. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. அப்பாவுக்கு அது ஏறக்குறைய ஒரு உறவினரின் பிறந்தநாள் மாதிரி மனப்பாடம். மங்கள இசையோடு நிகழ்ச்சி தொடங்கும்போது அவர் சவரம் செய்துகொண்டிருப்பார். அறிவிப்பாளர் நாகஸ்வரம் வாசித்தவர் பெயரைச் சொல்வார். தவில் வாசித்தவர் பெயரையும் சொல்வார். கால் மணி நேர இசைத்தட்டு நிகழ்ச்சியாக இருந்தாலும் அந்த மரியாதை தவறாது. எங்கள் வீட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் காருகுறிச்சி அருணாசலமும் நேரில் வந்துபோன உறவினர்கள் போலப் பேசப்பட்டதற்கு அந்த அறிவிப்பாளர்களே காரணம். இருவரையும் நான் நேரில் கேட்டதில்லை. ராஜரத்தினம் 1956இல் போய்விட்டார். காருகுறிச்சி 1964இல், நாற்பத்து சொச்சம் வயதில்.

நான் நேரில் கேட்டு வளர்ந்தவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தில் ஓங்கோலுக்கு அருகே கரவாடியில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் நாகஸ்வரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிற முஸ்லிம் குடும்பங்கள் உண்டு, அவருடையது அவற்றில் ஒன்று. ராஜரத்தினத்தின் வாசிப்பில் மயங்கி, தஞ்சாவூர் பாணி வேண்டும் என்று, ஏற்கெனவே நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். பிறகு ஸ்ரீரங்கத்தையே சொந்த ஊராக்கிக்கொண்டார். 1982இல் இங்கே சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமத்தைத் தொடங்கினார். தொழுகையையும் விடாமல் ரங்கநாதர் மேல் பக்தியையும் விடாமல் இருந்த மனிதர். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இதை அதிசயமாக வெளியூர்க்காரர்களிடம் சொல்வார்கள். தங்களுக்குள் பேசும்போது அவர் வெறும் 'மௌலானா சாஹிப்'தான்.

இப்போது எனக்கு அழைப்பிதழ் அனுப்புகிற இதே சபா, ஓடு வேய்ந்த பழைய கொட்டகையில் இருந்தபோது, விழாவின் நடுநாளில் அவருக்கு முழுக் கச்சேரி வைத்தது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் கரகரப்பிரியா. ஆலாபனையில் தவில்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். காற்று ஒரே அளவில் போய்க்கொண்டே இருக்க, மேல் பஞ்சமத்தில் நின்ற ஒரு இடத்தில் கொட்டகை ஓரத்து முறுக்குக்காரர் தன் கூடையை மூடிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அதட்டல் கிடையாது அந்த வாசிப்பில். நாகஸ்வரம் என்றால் காதைப் பிளக்கும் என்கிறவர்களுக்கு அவருடைய பதிவுகளைப் போட்டுக்காட்டினால் போதும்.

சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது 1998இல். அடுத்த ஏப்ரலில் அவர் காலமானார். ராஜரத்தினத்துக்கு அந்தப் பட்டம் வரவே இல்லை. உறையூர், தில்லைநகர், பாலக்கரை என்று எங்கே கச்சேரி என்றாலும் முன்வரிசையில் உட்கார்ந்த எங்களுக்குப் பெருமை தேடித்தந்த இன்னொருவர் ஏ.கே.சி. நடராஜன். கிளாரினெட்டை வாங்கி அதற்குள் நாகஸ்வரத்தைப் புகுத்தியவர். அவருக்கு சங்கீத கலாநிதி 2008இல். மௌலானாவிடம் ஸ்ரீரங்கத்தில் பாடம் கேட்ட காலீஷாபி, ஷேக் மஹபூப் சுபானி தம்பதிக்கு 2020இல் பத்மஸ்ரீ வந்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு. கருவிக்கு முத்திரை குத்தியாயிற்று, வாசிக்கிறவருக்குப் பெருமையும் டெல்லியிலிருந்து வந்தாயிற்று. பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இத்தனை வித்வான்களை வைத்துக்கொண்டிருக்கிற ஊரின் விழாவில்தான் அந்த வெள்ளைத் தாள்.

ஒரே வருஷத்தில் இந்த நிலை வரவில்லை. நடுநாள் மாலை முதலில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியானது. மாலையில் பெரிய பாடகர் கிடைத்துவிட்டார், காலையிலும் கூட்டம் வரும் என்றார்கள். வந்தது, மறுக்கவில்லை. பிறகு காலைக் கச்சேரிகளை இளைஞர்களுக்கு ஒதுக்கினார்கள், அதுவும் நல்ல காரியம்தான். நாகஸ்வரம் தொடக்க நாளுக்கு நகர்ந்தது, ஒரு மணி நேரம், பெயர்களோடு. அப்புறம் பேச்சாளர்கள் கூடினார்கள், ஒரு மணி அரை மணியானது. எந்த வருஷத்தில் பெயர் விழுந்தது என்று பழைய அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தேன். புதிய குளிர்சாதன அரங்கத்துக்குப் போன வருஷம். கூட்டம் தொடங்கப் போகிறது, வந்து உட்காருங்கள் என்று சொல்ல ஒரு பள்ளிக்கூட மணி வேண்டியிருந்தது. அதற்கு நாலு பேரை வேட்டி சட்டையோடு கூப்பிட்டு வைத்திருந்தார்கள்.

சத்தம் என்று ஒரு சாக்கு இருக்கிறது. தாழ்ந்த கூரை, கண்ணாடிக் கதவு, தவில் அடித்தால் காது அடைக்கிறது என்கிறார்கள். பாதி உண்மை. வெளியில் வாசிக்கப் பிறந்த வாத்தியத்தை அறைக்குள் அடைத்து, போதாதென்று அதற்கு முன்னால் மைக்கையும் வைத்தால் அப்படித்தான் இருக்கும். மைக்கை எடுத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னார்களா? குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினோடு வலையப்பட்டி சுப்ரமணியம் தவில் வாசித்த காலத்தில் இதே ஊரில் கதவில் தொங்கிக்கொண்டு கேட்டார்கள். அதே தவில், அதே தோல். வயலின் பக்கத்தில் உட்கார்ந்தால் வித்தை, நாகஸ்வரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தால் இரைச்சல். காதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருக்கும் என் நண்பர் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அழைப்பிதழை அவரிடம் காட்டிப் புலம்பினேன். பகல் பத்து நடந்துகொண்டிருந்த நேரம். அர்ஜுன மண்டபத்தில் அரையர் சேவை கேட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"பேர் போடலைன்னு சொல்றீரே, பெரிய கோயில்ல யார் பேரையாவது அச்சடிக்கிறாளா? அரையர் பேர் எந்த நோட்டீஸ்ல இருக்கு? ராப்பத்துல வீணை ஏகாந்தம் வாசிக்கிறவா பேர் எங்க இருக்கு? ஆயிரங்கால் மண்டபத்துக்குப் பெருமாள் முன்னாடி மேளம் வாசிச்சிண்டு போறவா பேர் கேட்டீரா?"

யோசிக்க வைத்த கேள்வி. கோயிலில் நிகழ்ச்சி நிரல் மாறுவதே இல்லை. எந்த நாள் எந்தத் திருமொழி, எந்த மண்டபம், எப்போது வீணை என்று எல்லாம் தலைமுறைகளாகத் தீர்மானமாகிவிட்டது. ஏமாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒரே சங்கீத விழா அதுதான். ஆனால் அங்கே யாருடைய பெயரும் இல்லை. சீர்பாதம் தாங்குகிறவர் பெயர் இல்லை, விளக்குப் பிடிக்கிறவர் பெயர் இல்லை, நிர்வாக அதிகாரி சிறப்புரை ஆற்றுவதில்லை. எல்லாரும் பெருமாளுக்கு முன்னால் நிற்கிறார்கள். சபாவில் நகைக்கடைக்காரர் பெயர் போட்டுவிட்டு நாகஸ்வரக்காரர் பெயரை மட்டும் கோயில் சம்பிரதாயப்படி விட்டுவிட்டார்கள் என்றால், அது என்ன சம்பிரதாயம்? இதைச் சொன்னதும் நண்பர் ஒப்புக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். "வீணை ஏகாந்தத்துக்கு வாரும், கோபம் குறையும்" என்றார். போனேன். கோபம் குறையவில்லை, அது வேறு விஷயம்.

தொடக்க நாளன்று நாலே முக்காலுக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒருவர் 'ஹலோ, செக்' சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலிகளுக்கு நடுவே இழுத்த ஒயரைத் தாண்டி நாலு இளைஞர்கள் வந்து மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில், கொடுத்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில். சுருதிப் பெட்டியைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். நாட்டையில் ஒரு உருப்படி. நானும், வேளை தெரியாமல் சீக்கிரம் வந்துவிட்ட ஒரு பாட்டியும், மைக் பார்க்கிற பையனும் கேட்டோம். அடுத்து மூத்தவன் ரீதிகௌளையை எடுத்தான். அவசரமில்லாமல், வீதியில் நடக்கிறவன் எடுப்பது போல எடுத்தான். நிஷாதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிய விதத்தில் யாரிடம் பாடம் என்று எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. பாட்டி தொடையில் விரலைத் தட்ட ஆரம்பித்தார்.

அப்போது சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். விழாக்குழுவில் ஒருவர் மேடைப் படியில் நின்று, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. பையன் ஒரு நொடியில் ராகத்தை மடக்கி ஷட்ஜத்தில் வைத்தான். விளக்கேற்றும்போது கெட்டிமேளம் வேண்டும் என்று கேட்டார்கள், தவில்காரர்கள் கொட்டினார்கள். அப்புறம் பேச்சுகள் முக்கால் மணி நேரம் கூடுதலாக ஓடின, அங்கே யாரும் உள்ளங்கையை அசைக்கவில்லை.

வெளியே போய், ஷெட்டில் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பேர் விசாரித்தேன். நாலு பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தொகுப்புரை சொல்லும் அம்மாவிடம் கொடுத்தேன். "நன்றியுரையில சொல்லிடறேன் சார்" என்றார், உண்மையாகவே சொல்ல நினைத்துத்தான். நன்றியுரையை வேறு ஒருவர் சொன்னார். 'மங்கள இசைக் குழுவினர்' என்று வந்தது.

விழா முடிந்து கணக்கெல்லாம் தீர்த்த பிறகு செயலாளரை நந்திகோயில் தெருவில் பிடித்தேன். என்னைவிட இருபது வயது சின்னவன். கெட்டவன் கிடையாது. வங்கி வேலைக்கு நடுவே சம்பளமில்லாமல் இதைத் தூக்கிச் சுமக்கிறவன். காபி வாங்கிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன். அவன் கோபப்படவில்லை.

"அண்ணே, பாடகர் ஒருத்தரைக் கூப்பிட்டா மூணு பேர், நாலு பேர் வர்றாங்க. நாகஸ்வரம்னா ரெண்டு குழல், ரெண்டு தவில், தாளம், ஒத்து, வேன். ஸ்பான்சர் கேக்கறாரு, யாரு வர்றாங்கன்னு. நான் பேரைச் சொன்னா, யாருங்கறாரு. பாடகர் பேரைச் சொன்னா செக் எழுதறாரு. இதுல நான் என்ன பண்ண?"

"பேரையே அச்சடிக்காம இருந்தா அவருக்கு எப்படிப்பா தெரியும்?"

சிரித்தான். அப்புறம் ஒன்று சொன்னான், அது எனக்குத் தோன்றாத விஷயம். "உண்மையச் சொல்லணும்னா, நாங்க கேட்டுப் பாத்தோம்ணே. மூணு வித்வான்களுக்குப் போன் பண்ணினேன். தை மாசம். முகூர்த்தம். ஒரு கல்யாணத்துல கிடைக்கறதுல பாதிகூட எங்களால தர முடியாது. அதுவும் வருஷா வருஷம் கூப்பிடற வீடு. விட்டுட்டு எப்படி வருவாங்க?"

சென்னை சீசன் மார்கழியில் நடக்கிறது. கல்யாணம் கிடையாது, வாசிக்கிறவர்களுக்குக் கை ஒழிவு. நாங்கள் சென்னை முடியட்டும் என்று காத்திருந்து, பாடகர்களின் வசதிக்காகத் தையில் வைக்கிறோம். அந்தத் தை, நாகஸ்வரக்காரர்களின் வருஷச் சோற்றில் பாதி வரும் மாதம். தேதி குறிக்கும்போது இதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பார்க்க வேண்டும் என்றும் தோன்றியிருக்காது.

"முகூர்த்தம் இல்லாத நாள் பாரு" என்றேன். "பத்து நாள்ல ஒரு செவ்வாய்க்கிழமை வராமலா போகும்?"

"செவ்வாய்க்கிழமையா?"

"செவ்வாய்க்கிழமை யார் வீட்டுலப்பா கல்யாணம்? தேய்பிறையா இருந்தா இன்னும் உத்தமம். ஆறரை மணிக் கச்சேரி, ரெண்டரை மணி நேரம். மைக் ஒண்ணுகூட வேண்டாம். பொன்மலைல என்னோட ரிட்டயரானவங்க இருக்காங்க, ஸ்ரீரங்கத்துல நாலு தெரு இருக்கு. பாதி செலவு நான் திரட்டறேன். அழைப்பிதழ்ல ஆறு பேரோட பேரும் வரணும், தாளம் போடறவர் உட்பட."

மறுநாளே பாம்புப் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சாய்வு மேஜையில் வைத்து இருவரும் அடுத்த தையைப் புரட்டினோம். விழா நாட்களுக்குள் தோதாக ஒரு செவ்வாய் இருந்தது, அஷ்டமியும் அன்றைக்கே. பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டான். மௌலானா சாஹிப் வழியில் வந்தவர்களில் யாரைக் கேட்கலாம், தவிலுக்கு யார் என்றெல்லாம் ஆர்வமாகவே பேசினான். வாசல்வரை வந்தவன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அதுசரி அண்ணே, நாகஸ்வரத்த செவ்வாய்க்கிழமைக்கு மாத்திட்டா, மொத நாள் மங்கள இசைக்கு யாரக் கூப்பிடறது?"

"பாடகர் யாரையாவது கூப்பிடு" என்றேன். "பேர் போட வேண்டாம்."